பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை... வீட்டிலேயே பழ ஐஸ் செய்வது எப்படி? கல் மாதிரி உறையாமல் இருக்க என்ன வழி?

கத்திரி வெயில் காலத்தில் வீட்டில் ஒருவர் ஐஸ்கிரீம் வாங்கி வந்தால், அதை எல்லோராலும் சாப்பிட முடிவதில்லை. தாத்தாவுக்கு சர்க்கரை நோய். அம்மாவுக்கு பால் சாப்பிட்டாலே வயிறு உப்புசம். எடை குறைக்க மாவுச்சத்தைக் குறைத்திருக்கும் அக்கா தொடவே மாட்டார். கடைசியில் குழந்தைகள் மட்டும் சாப்பிட, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது.

இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்களின் எண்ணிக்கை சுமார் 10.1 கோடி என்கிறது, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வு. அந்த நிலையை நெருங்கிக் கொண்டிருப்பவர்கள் இன்னும் 13.6 கோடி பேர். எனவே 'எல்லோரும் சாப்பிடக்கூடிய ஐஸ்' என்பது ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டின் தேவை.

சரி, பழத்தை அரைத்து ஃப்ரீசரில் வைத்தால் போதாதா? போதாது. சர்க்கரையை எடுத்துவிட்டால் ஐஸ் கல் மாதிரி உறைந்துவிடும், பல்லே இறங்காது. சர்க்கரைக்குப் பதிலாக வாழைப்பழமும் பேரீச்சையும் போட்டால் மிருதுவாக வரும், ஆனால் மாவுச்சத்து எகிறிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சர்க்கரை இல்லாவிட்டால் ஐஸ் ஏன் கல் மாதிரி ஆகிறது?

ஐஸில் சர்க்கரைக்கு இரண்டு வேலை. ஒன்று இனிப்பு. இன்னொன்று, பலருக்கும் தெரியாதது, மிருதுத்தன்மை.

சுத்தமான தண்ணீர் 0 டிகிரி செல்சியஸில் உறையும். அதில் சர்க்கரை கரைந்திருந்தால் உறைய இன்னும் குளிர் தேவை. வீட்டு ஃப்ரீசரில் வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி வாக்கில் இருக்கும். அந்தக் குளிரிலும் சர்க்கரை கலந்த கலவையில் ஒரு பங்கு நீர் பாகு போல உறையாமலே நிற்கும். பனித்துகள்களுக்கு நடுவே அந்தப் பாகு இருப்பதால்தான் கடையில் வாங்கும் ஐஸ்கிரீமில் ஸ்பூன் இறங்குகிறது.

சர்க்கரையை எடுத்துவிட்டால் நீர் மொத்தமும் உறைந்துவிடும். கட்டி கட்டியாக, கரகரவென்று வரும். ஆகவே இனிப்பைக் குறைக்கும்போது மிருதுத்தன்மைக்கு வேறு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதற்கு நான்கு வழிகள் உண்டு.

1. கொழுப்பு: கெட்டியான தேங்காய்ப்பால், வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவகேடோ. கொழுப்பு, பனித்துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாவதைத் தடுக்கும்.

2. வழவழப்பு: ஊறவைத்த சப்ஜா விதை. இதன் மேல் படியும் பசை போன்ற படலம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

3. உப்பு: ஒரு சிட்டிகை போதும். பழத்தின் இனிப்பைத் தூக்கிக் காட்டும். மாங்காய் மாதிரி உப்பு தாங்கும் பழத்தில் கொஞ்சம் கூடுதலாகப் போட்டால், உறைவதையும் ஓரளவு தாமதப்படுத்தும்.

4. கிளறுவது: 45 நிமிடத்துக்கு ஒரு முறை வெளியே எடுத்து முள்கரண்டியால் கீறிவிட்டால் பெரிய பனிக்கட்டி உருவாகாது.

இன்னொரு விஷயம். நாக்கு குளிர்ந்துவிட்டால் இனிப்பு குறைவாகத்தான் தெரியும். அரைத்து ருசி பார்க்கும்போது சரியாக இருந்தது, உறைந்ததும் சப்பென்று இருக்கிறதே என்று பலர் நினைப்பதற்குக் காரணம் இதுதான். அதற்காக சர்க்கரை சேர்க்க வேண்டியதில்லை. நன்றாகப் பழுத்த பழம், எலுமிச்சைச் சாறு, ஏலக்காய், இஞ்சி, புதினா, இவற்றில் ஏதாவது ஒன்று ருசியை எடுத்துக் கொடுக்கும்.

எந்தப் பழத்தில் எவ்வளவு மாவுச்சத்து?

எல்லாப் பழமும் ஒன்றல்ல. சாப்பிடக்கூடிய பகுதி 100 கிராமுக்கு தோராயமான அளவு இது. ரகத்தையும் பழுத்த நிலையையும் பொறுத்து கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

• இளநீர் (100 மி.லி.): சுமார் 4 கிராம்
• தர்பூசணி, ஸ்ட்ராபெரி, முலாம்பழம்: 7 முதல் 8 கிராம்
• அவகேடோ: 8 முதல் 9 கிராம். இதில் 6 கிராமுக்கு மேல் நார்ச்சத்துதான்
• பப்பாளி: சுமார் 11 கிராம்
• கொய்யா: சுமார் 14 கிராம். இதில் 5 கிராம் நார்ச்சத்து
• மாம்பழம்: சுமார் 15 கிராம்
• திராட்சை: சுமார் 18 கிராம்
• சப்போட்டா: சுமார் 20 கிராம்
• வாழைப்பழம், பலாப்பழம்: சுமார் 23 கிராம்

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: சாதாரண வெண்ணிலா ஐஸ்கிரீம் 100 கிராமில் சுமார் 24 கிராம் மாவுச்சத்து இருக்கும். அதாவது, 'சர்க்கரையே சேர்க்கவில்லை' என்று சொல்லி வெறும் வாழைப்பழத்தை உறையவைத்து அரைத்துச் செய்யும் ஐஸிலும் ஏறக்குறைய அதே அளவு மாவுச்சத்துதான். நார்ச்சத்தும் பொட்டாசியமும் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் சர்க்கரை நோயாளி அதைக் கிண்ணம் நிறைய சாப்பிடலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

மாம்பழம் கூடவே கூடாதா? அப்படியில்லை. முழுக்க மாம்பழமாகப் போடாமல், கலவையில் கால் பங்கு மாம்பழமும் மீதி தேங்காய்ப்பாலும் எனச் சேர்த்தால் மணமும் வரும், அளவும் கட்டுக்குள் இருக்கும்.

வெல்லம், தேன், பனங்கற்கண்டு போடலாமா?

குறைந்த மாவுச்சத்துதான் நோக்கம் என்றால், கூடாது. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாமே பெரும்பகுதி சர்க்கரைதான். வெள்ளைச் சர்க்கரையைவிட மணம் வேறு, ரத்தத்தில் செய்யும் வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு டீஸ்பூன் சர்க்கரை என்பது 4 கிராம் மாவுச்சத்து.

கடைகளில் கிடைக்கும் மாற்று இனிப்புகளில் எரித்ரிட்டால் ரத்த சர்க்கரையை ஏறக்குறைய உயர்த்தாது. சர்க்கரையைப் போலவே உறைநிலையையும் குறைக்கும் என்பதால் ஐஸ் மிருதுவாக வர உதவும். ஆனால் 2023-ல் நேச்சர் மெடிசின் இதழில் வெளியான ஆய்வு, ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகமாக இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் ஏற்பட்டதும் அதிகமாக இருந்ததாகச் சொன்னது. எரித்ரிட்டால்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. என்றாலும் இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் பயன்படுத்துவது நல்லது.

சீனித்துளசியில் இருந்து எடுக்கப்படும் ஸ்டீவியாவும் சர்க்கரையை ஏற்றாது. ஆனால் இனிப்பு மட்டும்தான் தரும், மிருதுத்தன்மை தராது. உடல் எடையைக் குறைப்பதற்காக ஸ்டீவியா போன்ற இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் பரிந்துரைத்தது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதிலேயே சொல்லப்பட்டிருக்கிறது.

'சைலிட்டால்' என்று எழுதிய இனிப்பைப் பயன்படுத்தினால், வீட்டு நாய்க்கு ஒரு வாய்கூடக் கொடுத்துவிடாதீர்கள். மனிதர்களுக்கு ஒத்துக்கொள்ளும் அது நாய்களுக்கு விஷம்.

'பால் இல்லை' என்றால் என்ன அர்த்தம்?

பால் ஒத்துக்கொள்ளாததில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில், பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி உடலில் குறைவாக இருக்கும். வயிறு உப்பும், வாயு, வயிற்றுப்போக்கு வரும். தொல்லைதான், ஆனால் ஆபத்து குறைவு. இரண்டாவது வகை, பால் புரதத்துக்கு ஏற்படும் ஒவ்வாமை. இதில் சிறு அளவு பால் போனாலும் தடிப்பு, மூச்சுத்திணறல் வரை போகலாம்.

இங்கேதான் கடை லேபிள்களைக் கவனிக்க வேண்டும். 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று எழுதியிருந்தால் அதில் பால் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, அது பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பில் தயாரித்தது என்றுதான் அர்த்தம். அதில் பால் பவுடர் போன்ற பால் திடப்பொருட்கள் இருக்கலாம். பின்பக்கம் 'பால்', 'வே', 'கேசின்' ஆகிய சொற்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்ற வாசகமும் அப்படித்தான். முன்பக்க வாசகத்தைவிட, பின்பக்கம் 'கார்போஹைட்ரேட்' என்ற வரியில் உள்ள எண்தான் முக்கியம். ஓட்ஸ் பாலும் அரிசிப் பாலும் பால் அல்ல, ஆனால் மாவுச்சத்து உள்ளவை. குறைந்த மாவுச்சத்துக்கு ஏற்றவை தேங்காய்ப்பாலும், இனிப்பு சேர்க்காத பாதாம் பாலும்.

தேங்காய்ப்பால் எப்படி எடுப்பது?

ஒரு பெரிய தேங்காயைத் துருவி, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு மிக்ஸியில் அரைத்து, துணியில் வடிகட்டிப் பிழியுங்கள். முதல் பால் மட்டும் போதும். இரண்டாம் பால் தண்ணீராக இருக்கும், ஐஸ் கரகரப்பாகிவிடும்.

இந்தப் பாலை இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் கெட்டியான பகுதி மேலே படியும். அதை மட்டும் எடுத்துப் பயன்படுத்தினால் க்ரீம் மாதிரி வரும். பாலைக் கொதிக்க வைக்க வேண்டாம், திரிந்துவிடும்.

5 பழ ஐஸ்: செய்முறை

எல்லாமே 60 முதல் 70 மி.லி. கொள்ளும் சிறிய அச்சில் 6 குச்சி ஐஸ் வரும் அளவு. அச்சு இல்லையா? சிறிய ஸ்டீல் டம்ளர், பேப்பர் கப், ஐஸ் ட்ரே எதுவானாலும் சரி. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும் என்பதால் விளிம்பு வரை ஊற்றாதீர்கள்.

1. நுங்கு - இளநீர் ஐஸ்

தேவை: இளம் நுங்குச் சுளை 6, இளநீர் 300 மி.லி., எலுமிச்சை பாதி, இஞ்சிச் சாறு அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை.

நுங்கின் தோலை உரித்து, பாதியை இளநீருடன் மிக்ஸியில் அடித்துக்கொள்ளுங்கள். மீதியைப் பொடியாக நறுக்கிக் கலக்குங்கள். எலுமிச்சை, இஞ்சி, உப்பு சேர்த்து அச்சில் ஊற்றி 6 முதல் 8 மணி நேரம் உறையவிடுங்கள். முற்றிய நுங்கு வேண்டாம், ரப்பர் மாதிரி இருக்கும். ஒரு குச்சியில் இளநீரின் பங்கு 2 கிராம் மாவுச்சத்துக்கும் குறைவு. நுங்கில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

2. ஸ்ட்ராபெரி - தேங்காய்ப்பால் ஐஸ்

தேவை: ஸ்ட்ராபெரி 250 கிராம், கெட்டித் தேங்காய்ப்பால் 150 மி.லி., எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை.

எல்லாவற்றையும் ஒன்றாக அடித்து அச்சில் ஊற்றினால் வேலை முடிந்தது. வடிகட்ட வேண்டாம், நார்ச்சத்து போய்விடும். வெயில் ஏற ஏற ஸ்ட்ராபெரி வரத்து குறையும் என்பதால், மலிவாகக் கிடைக்கும்போதே கழுவி, காம்பு நீக்கி ஃப்ரீசரில் போட்டு வைத்துக்கொள்ளலாம். ஒரு குச்சிக்கு 4 முதல் 5 கிராம் மாவுச்சத்து.

3. தர்பூசணி - சப்ஜா ஐஸ்

தேவை: விதை நீக்கிய தர்பூசணி 400 கிராம், சப்ஜா ஒரு டீஸ்பூன், எலுமிச்சை ஒன்று, புதினா 6 இலை.

சப்ஜாவை அரை டம்ளர் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவையுங்கள். தர்பூசணியைப் புதினா, எலுமிச்சைச் சாறுடன் அடித்து, சப்ஜா கலந்து அகலமான தட்டில் ஊற்றுங்கள். 45 நிமிடத்துக்கு ஒரு முறை முள்கரண்டியால் கீறிவிட்டால் 3 மணி நேரத்தில் பொலபொலவென்று பனித்துருவல் தயார். 6 கிண்ணமாகப் பிரித்தால் ஒன்றுக்கு சுமார் 5 கிராம்.

தர்பூசணி சர்க்கரையை வேகமாக ஏற்றும் என்கிறார்களே என்ற கேள்வி வரும். அதன் கிளைசெமிக் குறியீடு அதிகம்தான். ஆனால் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் ஒரு சிறு கிண்ணத்தில் வரும் சர்க்கரை குறைவு. அளவு மீறினால்தான் சிக்கல்.

4. அவகேடோ - ஏலக்காய் ஐஸ்

தேவை: நன்கு பழுத்த அவகேடோவின் சதை 200 கிராம், கெட்டித் தேங்காய்ப்பால் 150 மி.லி., எலுமிச்சை பாதி, ஏலக்காய்த் தூள் கால் டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, விரும்பினால் எரித்ரிட்டால் 3 டேபிள்ஸ்பூன்.

சர்க்கரை இல்லாமலே குல்ஃபி மாதிரி மிருதுவாக வருவது இதுதான். காரணம், பழத்திலேயே உள்ள கொழுப்பு. எலுமிச்சை சேர்க்காவிட்டால் கறுத்துவிடும். பழத்திலும் தேங்காய்ப்பாலிலும் இருந்து ஒரு குச்சிக்கு சுமார் 4 கிராம் மாவுச்சத்து. அதில் பாதி நார்ச்சத்து.

5. மாங்காய் - புதினா காரசார ஐஸ்

தேவை: புளிப்பு மாங்காய்ச் சதை 200 கிராம், தண்ணீர் 250 மி.லி., புதினா ஒரு பிடி, வறுத்த சீரகத் தூள் அரை டீஸ்பூன், உப்பு, மிளகாய்த் தூள் தேவைக்கு.

மாங்காயை வேகவைத்து ஆறியதும் மற்றவற்றோடு அரைத்து உறையவிடுங்கள். இனிப்பே தேவைப்படாத ஐஸ் இது. மாங்காய்ப் பத்தையில் உப்பு, மிளகாய்த் தூள் தொட்டுச் சாப்பிட்டவர்களுக்கு இதன் ருசியைச் சொல்லவே வேண்டாம். ஒரு குச்சிக்கு சுமார் 3 கிராம். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த ஐஸாக இருந்தாலும், அச்சை 15 நொடி சாதாரணத் தண்ணீரில் முக்கி எடுத்தால் உடையாமல் கழன்று வரும். தேங்காய்ப்பால் ஐஸை 5 முதல் 10 நிமிடம் வெளியே வைத்துவிட்டுச் சாப்பிட்டால் இன்னும் மிருதுவாக இருக்கும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

• இன்சுலின் அல்லது சர்க்கரையை இறக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு திடீரென சர்க்கரை குறைந்து வியர்வை, படபடப்பு வந்தால் இந்த ஐஸ் உதவாது. அந்த நேரத்தில் தேவை குளுக்கோஸ் அல்லது 3 டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர். மாவுச்சத்து குறைவான, கொழுப்பு கலந்த ஐஸைக் கொடுத்து நேரத்தை வீணாக்கக் கூடாது.

• தினசரி உணவில் மாவுச்சத்தை வெகுவாகக் குறைக்க நினைக்கும் சர்க்கரை நோயாளிகள், மருந்தின் அளவு பற்றி முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும்.

• சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இளநீரில் உள்ள பொட்டாசியம் ஆபத்தாகலாம். அவகேடோவிலும் பொட்டாசியம் அதிகம்.

• மாவுச்சத்து குறைவு என்றால் கலோரி குறைவு என்று அர்த்தமில்லை. கெட்டித் தேங்காய்ப்பால் 100 மி.லி.யில் 200 கலோரிக்கு மேல் இருக்கும். அதன் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. கொலஸ்ட்ரால் அதிகம் உள்ளவர்கள் நுங்கு, தர்பூசணி, மாங்காய் வகைகளைத் தேர்ந்தெடுக்கலாம்.

• சப்ஜாவை ஊறவைக்காமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது. தொண்டையில் ஊறிப் பெருத்து அடைத்துக்கொள்ளும்.

எத்தனை நாள் வைக்கலாம்?

உறையவைத்தால் கிருமிகள் செத்துவிடும் என்பது தவறான எண்ணம். அவை அப்படியே தூங்கும், ஐஸ் உருகியதும் விழித்துக்கொள்ளும். எனவே கொதித்து ஆறிய தண்ணீரையே பயன்படுத்துங்கள். பழத்தை நறுக்கும் முன் கழுவுங்கள். தேங்காய்ப்பால் வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும் என்பதால் எடுத்தவுடன் ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும்.

மூடிய டப்பாவில் வைத்தால் ஒன்று முதல் இரண்டு வாரம் ருசி மாறாமல் இருக்கும். நீண்ட நேரம் கரன்ட் போய் ஐஸ் முழுக்க உருகிவிட்டால், தேங்காய்ப்பால் சேர்த்ததை மறுபடி உறையவைக்காமல் கொட்டிவிடுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை சாப்பிடலாம்?

குச்சி ஐஸின் பெரிய வசதியே அளவுதான். டப்பாவில் இருந்து ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடும்போது கணக்கு தெரியாது. சிறு அச்சில் ஊற்றினால் ஒன்று என்பது ஒன்றுதான். 5 கிராம் மாவுச்சத்து உள்ள ஐஸையே 5 சாப்பிட்டால் 25 கிராம், அதாவது 6 டீஸ்பூன் சர்க்கரைக்குச் சமம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் முதல் முறை சாப்பிடும்போது ஒரு குச்சி மட்டும் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து வீட்டில் உள்ள குளுக்கோமீட்டரில் பார்த்துவிடுவது நல்லது. ஒரே பழம் ஒவ்வொருவர் உடலிலும் ஒவ்வொரு விதமாக வேலை செய்யும். எந்தப் பழம் ஒத்துக்கொள்கிறது என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும். அதற்கேற்ப அடுத்த முறை கலவையை மாற்றிக்கொள்ளலாம்.